ஓர் அங்குல உயரமும் மூன்று டிகிரி சாய்வும்: ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் நிகழ்வு ஆய்வு

நான் வாங்கும்போதே அது லிஃப்ட் செய்த, அதாவது உயரம் கூட்டிய வண்டி. முந்தைய உரிமையாளர் நாலு மூலையிலும் நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தில் தொங்கவிடும் இணைப்பு) மாட்டி, 205/70 ஆர்15 டயர் இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டிருந்தார். பார்க்க நன்றாக இருந்தது. 65 கி.மீ. வேகம் வரை ஓட்டவும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு மேலே போய், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஒரு சின்னக் குழியில் இறங்கி ஏறினால் போதும். ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். முன்சக்கரங்கள் இரண்டும் தலையாட்டுவதைப் பக்கத்தில் வரும் வண்டிக்காரர் பார்த்துவிட்டு விலகிப் போவார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் நிற்காது. வேகம் 40-க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டெத் வாபிள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் முறை அனுபவித்த அன்று, பெயரில் மிகை ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

இதைத் தீர்க்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கையை அழுக்காக்கிய நேரம் மட்டும் பார்த்தால் நாலு வார இறுதிக்கு மேல் இராது. மீதி நாளெல்லாம் தவறான பாகத்தை மாற்றுவதில் போயின.

வண்டியின் எலும்புக்கூடு

கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. பிழை கம்பெனியுடையதும் இல்லை. முன்னும் பின்னும் திட ஆக்சில் (இடவலச் சக்கரங்களை ஒரே விறைப்பான தண்டாகச் சேர்ப்பது), அவற்றுக்கு அடியில் லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய வில்), நடுவில் டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) இல்லாத, வேண்டும்போது மட்டும் போடும் பார்ட்-டைம் ஃபோர் வீல், முன்சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் முன் ஹப்பில் கையால் திருகும் ஃப்ரீ வீல் பூட்டு. 1941-இன் வில்லிஸ் ஜீப் முதல் டொயோட்டாவின் 40 தொடர் லேண்ட் குரூசர், சுஸூக்கியின் எஸ்.ஜே. வண்டிகள் வரை திட ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும் பொது. அதனால் கீழே சொல்வது பல பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். ஷாக்கிள் எந்த நுனியில் இருக்கிறது, ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலா கீழா என்பதை மட்டும் உங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் நான் பட்ட பாடு பின்னால் வருகிறது.

என் வண்டியில் முன் ஸ்பிரிங்கின் பின்நுனி சேஸிஸில் நிலையாக மாட்டியது. முன்நுனி ஷாக்கிளில் தொங்குவது. பின் ஸ்பிரிங்கில் இது அப்படியே எதிர்மாறு.

மாற்றிப் பயனில்லாதவை

முதலில் வீல் பேலன்ஸ். பிறகு டை ராடு எண்டுகள், அதாவது முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் மூட்டுகள். அவற்றில் ஒன்றில் உண்மையிலேயே ஆட்டம் இருந்தது, அதனால் காரணம் கிடைத்துவிட்டதென்று நம்பினேன். மாற்றிய மறுநாளே ஆடியது. மூன்றாவதாகப் புது ஸ்டீயரிங் டேம்பர். இது மூன்று வாரம் அமைதி கொடுத்தது. டேம்பர் ஒரு ஷாக் அப்சார்பர்தான். ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்குமே தவிர ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அதைத் தொடாது. அந்த மூன்று வாரத்தில் உள்ளே தேய்மானம் இன்னும் கூடியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நடுவில் ஒரு கடையில் கணினி அலைன்மென்ட் பார்த்தேன். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கியிருக்கும் அளவு) சரியாக இருக்கிறது என்றார்கள். கொடுத்த தாளில் கேஸ்டர் என்று ஒரு வரி சிவப்பில் இருந்தது. கேட்டதற்கு, “அது திட ஆக்சில் சார், அதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது” என்று பதில். சரிதானே என்று தாளை மடித்து டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவிட்டேன். விடை அன்றிலிருந்து அங்கேயே கிடந்தது.

கிங்பின்

நாலாவது மாதம், பாகம் வாங்குவதை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கினேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: சில பழைய ஃபோர் வீல் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரே ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமுமாக அசைத்தேன். லேசாக ‘டக்’ என்றது. இந்த ஆட்டம் வீல் பேரிங்கிலும் இருக்கலாம், கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்கிலும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஆனால் ஆள் இரண்டு வேண்டும்.

“தம்பி, பிரேக்கை மிதிச்சுப் பிடி.”

மிதித்தான். திரும்ப அசைத்தேன். அதே ‘டக்’.

“விடட்டுமாண்ணே?”

“விடாத. இன்னொரு தடவை.”

பிரேக் பிடித்திருக்கும்போது ஹப்பும், அதைத் தாங்கிக் கிங்பினில் திரும்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும். வீல் பேரிங் ஆட்டம் மறைந்துபோகும். அப்போதும் ஆட்டம் இருந்தால் அது கிங்பினில். இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தது.

நக்கிளைக் கழற்றினேன். பந்து மூடிய பழைய வகை நக்கிள். உள்ளே மாலிப்டினம் கிரீஸ் கெட்டியாக இருக்க வேண்டும். வந்ததோ கறுப்புச் சேறு, கையில் நிற்காமல் வழிந்தது. ஆக்சில் குழாயிலிருந்து கியர் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. சீல் பழசுதான், ஆனால் குற்றம் அதனுடையது மட்டுமில்லை. ஆக்சிலின் மேலே இருக்கும் பிரீதரை (காற்றுப்போக்கி) கழற்றி ஊதிப் பார்த்தேன், காற்றுப் போகவில்லை. ஓடிச் சூடான ஆக்சிலில் காற்று விரிய இடமில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினால் இதற்கு நேர்மாறு நடக்கும்: உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; ஆயில் பால் நிறமாகும். பிரீதரைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயை மாட்டி இன்ஜின் பக்கம் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். பழைய வண்டியில் இதைவிட மலிவான, பயனுள்ள மாற்றம் வேறு எனக்குத் தெரியாது.

பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கதை புரிந்தது. வெளி ரேஸில் (பேரிங்கின் வெளி வளையம்) ரோலர்கள் உட்கார்ந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். நகத்தை மெல்ல ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டும். கிங்பின் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. நேர்ப்பாதையில் போகும்போது ஒரே இடத்தில் நின்று அடி வாங்குகிறது. ஆட்டம் பேரிங்கை அடித்தது. அடிபட்ட பேரிங் ஆட்டத்தை வளர்த்தது. எது முதலில் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் என் அடுத்த தவறு.

புது பேரிங், புது சீல்கள், புது கிரீஸ். கிங்பின் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம்களை (இடைத்தகடுகள்) குறைத்தால் பேரிங்கின் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். டை ராடைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பேரிங்கில் முள் அசையவேயில்லை. புதியதில் மூன்று தடவை ஷிம் மாற்றி, கையேடு சொன்ன வரம்புக்குள் கொண்டுவந்தேன். இது வெளிச் சீல் மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய அளவு. சீலின் உரசல் சேர்ந்தால் கணக்குத் தப்பும். டை ராடைத் திரும்ப மாட்டும்போது ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் செய்ய வேண்டும், தளர்த்தி அல்ல.

ஓட்டிப் பார்த்தேன். 65-இல் வந்த ஆட்டம் 80-க்குத் தள்ளிப்போனது. போகவில்லை.

கோணம்

இப்போதுதான் ஸ்டீயரிங்கின் இன்னொரு குணத்தைக் கவனித்தேன். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. நான்தான் இழுத்து நேராக்குகிறேன். நேர்ச்சாலையிலும் வண்டி மெல்ல அலைந்தது. டேஷ்போர்டுப் பெட்டித் தாள் நினைவுக்கு வந்தது.

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள். திருப்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த அச்சை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். சக்கரம் அச்சுக்குப் பின்னால் இழுபடுவதால்தான் நேராக ஓடுகிறது. இந்தச் சாய்வே கேஸ்டர். என் வண்டிக்குக் கையேட்டில் 3.5 டிகிரி.

வீட்டிலேயே அளந்தேன். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் கீழே இரண்டு தகரத் தட்டுகள், நடுவில் கிரீஸ். சக்கரம் சிரமமில்லாமல் திரும்பும். வண்டி சாயாமல் இருக்கப் பின்சக்கரங்களுக்கும் அதே கனத்தில் பலகை. முன்தட்டுகளில் 20 டிகிரிக் கோடுகள் வரைந்து, சக்கரத்தை ஒரு பக்கம் 20, மறுபக்கம் 20 திருப்பி, இரண்டு நிலையிலும் ரிம்மில் டிஜிட்டல் கோணமானியை வைத்துக் கேம்பரை (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம்) குறித்தேன். இரண்டின் வித்தியாசத்தை 1.46 ஆல் பெருக்கினால் கேஸ்டர். (இரண்டு மடங்கு சைன் 20 ஆல் வகுப்பதுதான் இது, பட்டறைகளில் 1.5 என்பார்கள்.) இடதுபக்கம் வித்தியாசம் 0.4, வலதுபக்கம் 0.5. அதாவது கேஸ்டர் அரை டிகிரிக்கும் முக்கால் டிகிரிக்கும் நடுவில்.

மூன்று டிகிரி எங்கே போனது? ஷாக்கிளை அளந்தேன், கம்பெனி ஷாக்கிளைவிட 50 மி.மீ. நீளம். முன் ஸ்பிரிங் நுனிக்கு நுனி ஏறத்தாழ 1000 மி.மீ. பின்நுனி நிலையாக நிற்க, முன்நுனி 50 மி.மீ. கீழே இறங்கினால் ஸ்பிரிங் முழுவதும் 2.9 டிகிரி முன்னால் கவிழும். ஆக்சில் அதன் நடுவில் யு-போல்டால் கட்டப்பட்டிருக்கிறது. அதுவும் சேர்ந்து கவிழும். 3.5-இல் 2.9 போனால் மிச்சம் 0.6. தரையில் உட்கார்ந்து பென்சிலால் போட்ட கணக்கும் கோணமானியும் ஒன்றாகச் சொன்னபோது, ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

இதற்குப் பதிலாகக் கிடைத்த உயரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நுனி 50 இறங்கினால் நடுவில் 25 மி.மீ.; ஓர் அங்குலம். அதுவும் சேஸிஸுக்குத்தான். டிஃபரென்ஷியலின் அடிவயிறு கல்லில் இடிக்காமல் உயர்வது டயரால் மட்டுமே. அது 33 மி.மீ. தந்தது. டயர் தரையைத் தொடும் இடம் திருப்பும் அச்சுக்குப் பின்னால் இழுபடும் தூரமோ 20 மி.மீ. அளவிலிருந்து 4 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. கனமான பெரிய டயரை அடக்க 4 மி.மீ. போதாது.

ஆப்பு

திட ஆக்சிலில் கேஸ்டர் திருத்த முடியாது என்பது பாதி உண்மை. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலின் இருக்கைக்கும் நடுவில் கோண ஆப்பு வைத்தால் ஆக்சிலைத் திருப்பி நிமிர்த்தலாம். அலுமினிய ஆப்பு நசுங்கிப் பிதுங்கும், வெடிக்கும். இரும்பில் 3 டிகிரி எடுத்தேன். ஆப்பின் கனம் சேர்வதால் லீஃப்களின் சென்டர் போல்ட்டும் நீளமாக வேண்டும்; அதன் தலை ஆக்சில் இருக்கைத் துளையில் முழுதாக உட்காரவில்லையென்றால் ஆக்சில் நகர்ந்துவிடும். யு-போல்ட் புதிது. பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஒரு தடவை இறுக்கியதிலேயே அது இழுபட்டு நீண்டிருக்கும்.

முன் ஆக்சிலுக்கு ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும் என்று ஒரு படத்தில் பார்த்திருந்தேன். அப்படியே வைத்து, மாலைக்குள் இறுக்கி, வெளியே எடுத்தேன். முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங் என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு இன்னும் உள்ளே திரும்பியது. 20 கி.மீ. வேகத்தில். வியர்த்துப்போய், நடைவேகத்தில் வீட்டுக்குத் திரும்பினேன். அளந்தால் கேஸ்டர் பூஜ்யத்துக்குக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 2.4.

படத்தில் இருந்தது ஆக்சிலுக்கு மேலே ஸ்பிரிங் உள்ள வண்டி. என்னுடையதில் ஸ்பிரிங் கீழே. நீள ஷாக்கிள் போட்டு ஷாக்கிள் நுனி இறங்கிய வண்டியானால், நினைவில் வைக்க நானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன்: ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே என்றால் தடித்த பக்கம் ஷாக்கிள் இருக்கும் திசையில், மேலே என்றால் நிலையான நுனி இருக்கும் திசையில். முன்னுக்கும் பின்னுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றையும் அவிழ்த்து, ஆப்புகளைத் திருப்பி வைத்தேன். யு-போல்ட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், நாலு சுற்றாக, டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். ஷாக்கிள், ஸ்பிரிங் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம் மட்டும் வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அளந்தேன்: இடது 3.5, வலது 3.65.

இதற்கும் ஒரு விலை உண்டு. முன் ஆக்சிலை நிமிர்த்தும்போது அதன் பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) அதே 3 டிகிரி கீழே போகிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் முன் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மடங்கியபடி சுற்றும் மூட்டு) அந்த அளவு கூடுதலாக மடங்குகிறது. கேஸ்டர், பினியன் இரண்டையும் ஆப்பால் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. ஆக்சில் நுனியை வெட்டி நக்கிளைத் திருப்பி வெல்டு செய்தால்தான் முடியும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஃப்ரீ வீல் ஹப் திறந்திருக்கும்போது முன் ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை என்பதால் கேஸ்டர் பக்கம் முடிவெடுத்தேன். ஹப் பூட்டிய நிலையில் நான் போவது மண்ணிலும் மணலிலும், மெதுவாக. ஹப் இல்லாமல் எப்போதும் ஷாஃப்ட் சுற்றும் வண்டியாக இருந்தால் ஆப்பு வைத்திருக்க மாட்டேன். ஷாக்கிளைத்தான் கழற்றி எறிந்திருப்பேன்.

பின்பக்கமும் பிரேக்கும்

முன்பக்கம் அமைதியானதும், அதுவரை அதன் சத்தத்தில் மறைந்திருந்த இன்னொன்று கேட்டது. 55-இல், ஆக்சிலரேட்டரை விடும்போது, தரைக்கு அடியில் ஒரு முரசு. பின்னாலும் நீள ஷாக்கிள். பினியன் மூக்கு 3 டிகிரி மேலே தூக்கியிருந்தது. கிராஸ் மடங்கிச் சுற்றும்போது ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 15 டிகிரி மடக்கில் இது ஏறத்தாழ 3.5 சதவீதம். ஷாஃப்டின் மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில் மடங்கினால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முனையும் பினியனும் இணையாக இருந்தால்தான் அது நடக்கும். இங்கேயும் 3 டிகிரி ஆப்பு, தடித்த பக்கம் ஷாக்கிளை நோக்கி, அதாவது பின்னால். முரசு நின்றது.

கடைசியாக ஒன்று. இதை நான் தேடவில்லை. யு-போல்ட் இறுக்கும்போது கண்ணில் பட்டது. சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறது. அது சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. சுமை ஏறினால் சேஸிஸ் தாழும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். லிஃப்ட் செய்த வண்டியில் சேஸிஸ் எப்போதும் உயரத்தில். எவ்வளவு சுமை ஏற்றினாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். வாங்கியதிலிருந்து இப்படியே ஓட்டியிருக்கிறேன். ஆக்சில் பக்கத்துத் தாங்கியை 25 மி.மீ. உயர்த்தினேன். அதோடு வண்டியைச் சேஸிஸில் தூக்கி, சக்கரங்கள் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பிரேக் ஹோஸ்களைப் பார்த்தேன். முன் இடது ஹோஸ் நாண் ஏற்றிய வில் போல விறைத்து நின்றது. நீளமானதாக மாற்றி, காற்று எடுத்து முடிக்க ஒரு முழு மாலை.

ஸ்பீடோமீட்டரை மட்டும் சரி செய்யவில்லை. புது டயரின் விட்டம் 668-இலிருந்து 733 மி.மீ. ஆகியிருக்கிறது, 9.8 சதவீதம் கூடுதல். முள் 60 காட்டினால் வண்டி 66-இல் போகிறது. அப்படிப் பார்த்தால் நான் 65-இல் ஆடுகிறது என்று சொல்லிவந்தது உண்மையில் 71.

ஓட்டம்

முதல் ஓட்டம் பழைய டேம்பரோடு. 70, 80, 90. அதே குழி, அதே பக்கச் சக்கரம். ஒரு குலுக்கல், உடனே அடங்கியது. பிறகு வீட்டுக்கு வந்து டேம்பரைக் கழற்றிவிட்டுப் போனேன். மூன்று வாரம் என்னை ஏமாற்றிய பாகம் அது. இன்னும் எதையாவது மறைக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். குழி வந்தது, போனது. “அவ்வளவுதானாண்ணே?” என்றான். டேம்பரைத் திரும்ப மாட்டினேன்; கல் பாதையில் கைக்கு அது தேவைதான்.

ஹப் பூட்டி ஹை கியரில் 50-ஐத் தாண்டினால் முன் ஷாஃப்டில் ஒரு மெல்லிய முனகல் இருக்கிறது, அதோடு வாழ்கிறேன். 300 கி.மீ. ஓடியபின் யு-போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். 16 நட்டுகளில் ஐந்து கால் சுற்று ஏறின. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்தது 1000-இல்.